சின்ன ர

அலுவலகத்தில் என்னைப் ‘பேன் பார்ப்பவர்’ என்பார்கள். நாளிதழில் பிழை திருத்துவது என் வேலை. ஊரே பற்றி எரிந்தாலும் ‘எரிந்தது’ என்பதில் எழுத்து சரியாக இருக்கிறதா என்றுதான் என் கண் போகும். இந்த வருடம் எரிவதற்குக் குறைவே இல்லை. குண்டு, கலவரம், ஊரடங்கு என்று தினமும் அதே சொற்கள். அவற்றில் இப்போது யாரும் பிழையே விடுவதில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

வீட்டில் என் தங்கை சோற்றைத் தொடுவதில்லை. மாப்பிள்ளை படகில் போனார். அக்கரையில் எங்காவது ஓர் இடம் பிடித்துவிட்டு இவளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. படகு கிளம்பியது மட்டும்தான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். “இனிமே எதுக்கு அண்ணி?” என்று மட்டும் கேட்பாள். ஆள் பாதியாகிவிட்டாள். இவளும் நம் கண் முன்னாலேயே போய்விடுவாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்தப் பயத்தோடு ஒருநாள் வேலைக்குப் போனால், ஆறாம் பக்கத்தில் ஓட்டை. வீட்டுமனை விளம்பரத்தைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்களாம். பின்னே, இருக்கிற வீடே இடியும்போது எவன் மனை வாங்குவான்? “எதையாவது போட்டு அடைங்க,” என்றார் ஆசிரியர். எனக்கு உலகத்தின் மேலேயே ஆத்திரம். ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று அவரும் கேட்கவில்லை.

எல்லாம் எரிந்து முடியும்.
எல்லாம் வடிந்து முடியும்.
அப்போது தெரியும்
மனிதனின் கறை.

தட்டச்சு செய்த பெண் ‘கரை’ என்று அடித்துவிட்டாள். அதைப் படித்துப் பார்த்து அனுப்பியது நான்தான். மனசு முழுக்கக் கறை இருந்ததால் கண்ணுக்கும் கறையாகவே பட்டிருக்கிறது.

மறுநாள் மதியம் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், தங்கை பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள். என் மனைவி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். விரித்திருந்தது ஆறாம் பக்கம். எட்டிப் பார்த்தேன். சின்ன ர!

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் போனில் வந்தார். அவர் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

“என்னங்க, நீங்களே கோட்டை விட்டுட்டீங்க? வடிஞ்சா கறைதானே தெரியும்னு ஒரு வாசகர் வாங்கு வாங்குன்னு வாங்குறார். நாளைக்கு ஒரு திருத்தம் போட்டுடலாம். ரெண்டு வரி எழுதிட்டு வாங்க.”

போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“போடப் போறியா அண்ணா?” தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் தங்கை.

“எதை?” என்று மழுப்பினேன்.

“பெரிய ற வரணும். பார்த்ததுமே தெரிஞ்சுது. எழுதினது நீதான்னும் தெரிஞ்சுது. உலகத்து மேல இப்படி மண்ணை வாரித் தூத்த வேற யாரு இருக்கா?”

“தெரிஞ்சுமா சாப்பிடறே?”

“ஒரு புள்ளி விட்டுப்போனாலே வீட்டை ரெண்டாக்குவே. அப்படிப்பட்ட நீயே விட்டுட்டே.” அவள் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. “வேணும்னு எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். எனக்கு ஆறுதல் சொல்றேன்னு நினைச்சிருப்பேன். இது யாரும் சொல்லாம தானா வந்திருக்கு.”

“மாப்பிள்ளை...” என்று இழுத்தேன்.

“அவர் வருவார்னு நான் சொல்லலை.” குரல் உடைந்தது. “யாராவது கரை ஏறட்டும் அண்ணா. அவர் இல்லேன்னாலும் யாராவது.”

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படகு திரும்பாது, இந்த ஊர் அணையாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவள் அடுத்த வாயை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஆசிரியர் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“பிழை இல்லை சார்,” என்றேன். “எழுதினவர் அப்படித்தான் எழுதியிருக்கார்.”