சாலையோரத்து வரிசை

ஊரார் பூஞ்சையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பூஞ்சைக்காரிக்கோ அது வரவில்லையே என்ற கவலை. பட்டப்பெயர் தெரு வைத்தது, உத்தியோகம் ஆய்வுக்கூடத்தில். திராட்சைக் கொடியின் இலைக்குள்ளும் தண்டுக்குள்ளும், சண்டை சச்சரவு இல்லாத வாடகைக் குடித்தனம் போல, சில பூஞ்சைகள் வாழ்கின்றனவாம். அவற்றைப் பிடித்து வளர்த்து, இலைப்புள்ளி நோயோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும்.

வெளியே ஒட்டியிருப்பதெல்லாம் சாகும்படி இலையை ஆல்கஹாலில் முக்கி, பிளீச்சில் அலசி, நறுக்கித் தட்டில் வைத்து மூடினால், உள்ளே குடியிருப்பது வெட்டுவாய் வழியே பஞ்சு பஞ்சாக எட்டிப்பார்க்கும். அவள் தட்டில் எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. துலக்கி வைத்த பாத்திரம் போலத் தட்டுகள் பளிச்சென்று கிடந்தன. பிளீச்சைக் குறைத்தாள். கத்தியை மாற்றினாள். கடைசியில் தன் கைராசியையே சந்தேகப்பட்டாள். இந்த முறையும் ஒன்றும் வராவிட்டால் வேலையை மூடிவிடலாம் என்று ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக் கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இலைகள் அண்ணனின் திராட்சைத் தோட்டத்தில் இருந்து வந்தவை. மருந்தே அடிக்கக் கூடாது என்று கெஞ்சி, சாலையோரத்து வரிசை ஒன்றை வாங்கியிருந்தாள். அன்று இலை பறித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனவள், குடையை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினாள். அண்ணி முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு, அதே வரிசையில், பிள்ளைக்குத் தலைவாரும் பதவிசோடு அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"நீ பறிச்சு முடிச்சப்புறம்தானே அடிக்கிறேன்? உன் இலையில ஒரு சொட்டு பட்டிருக்காது."

"அடுத்த தடவை பறிக்கிறதும் இதே கொடியிலதானே அண்ணி? மருந்து உள்ள போய் உக்காந்துக்கும், அங்க இருக்கிற பூஞ்சையும் செத்துடும்."

அண்ணி விசைப்பிடியை விட்டாள். "அடிக்கலைன்னா புள்ளி விழுந்து, போறவங்க வர்றவங்க எல்லாம் கொடிக்கு அம்மை போட்டிருக்கான்னு கேக்குறாங்க. உனக்கென்ன, பஸ் ஏறிடுவ. இங்க நிக்கிறது நான்தானே?"

கேட்டதென்னவோ உண்மை. தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா?

பூஞ்சைக்காரி வாய்க்கால் கரையில் உட்கார்ந்தாள். எத்தனை பறித்தல், எத்தனை அலசல். அழுகை வரும் என்று பார்த்தால் கொட்டாவிதான் வந்தது. பிறகு எழுந்து கத்தரிக்கோலைக் கேட்டாள். இளம் இலையில் இருந்தவை போயிருந்தாலும், முற்றிய தண்டின் உள்ளே யாராவது பதுங்கியிருக்கலாம். அண்ணியே பார்த்து, தடித்த தண்டாக வெட்டிக் கொடுத்தாள்.

சில நாட்களில் தண்டுத் துண்டின் ஓரத்தில் சாம்பல் நிறப் பஞ்சு ஒன்று தலை நீட்டியது. அவள் துள்ளிக் குதிக்கவில்லை. தட்டைத் தலைவர் மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தாள். தலைவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலையை மூட வேண்டாம், ஆனால் மருந்து படாத இலைகளோடு முதலில் இருந்து தொடங்கு என்றார். முதலில் இருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு முதுகு வலித்தது.

அடுத்த முறை போனபோது, சாலையோரத்து வரிசைக்கு முன்னால் நீளமாக ஒரு பழைய பச்சைத் துணி கட்டியிருந்தது.

"இனிமே அடிக்க மாட்டேன். ஆனா யாரும் பாக்கவும் கூடாது," என்றாள் அண்ணி.

பூஞ்சைக்காரி துணியை விலக்கி உள்ளே நுழைந்தாள். கொடியில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்த இலைகள். இந்தப் பருவத்தில் அவள் பார்த்த முதல் புள்ளிகள். ஒன்றைப் பறித்துப் பையில் போட்டாள்.

வெளியே சாலையில் யாரோ, உள்ளே அப்படி என்னத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.