ஏழாவது கட்டம்

அந்த ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டால் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்பார்: டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள். அவர் தலையெழுத்து, அவருடைய ஸ்டேஷனில் எப்போதும் இரண்டாவது வகைதான் நிறைந்திருக்கும்.

நாளொன்றுக்கு நான்கு வண்டிகள் நிற்கும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சேர்ந்து நாற்பதைத் தொட்டால் பெரிய விஷயம். ஆனால் காலை ஆறு மணிக்கே நடமாட்டம் தொடங்கிவிடும். இதய ஆபரேஷன் ஆன கணக்கு வாத்தியார் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். மேடு பள்ளம் இல்லாத தரை ஊரில் அது ஒன்றுதான், மூச்சு வாங்கினால் உட்கார இடையிடையே பெஞ்சும் உண்டு. ஏழரைக்குத் தையல் கம்பெனிப் பெண்கள் வருவார்கள். பத்துப் பேரும் சேர்ந்த பிறகுதான் மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் போவார்கள். பாலத்தடியில் நின்று பல்லிளிக்கிறவர்களுக்குப் பத்துப் பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் கொஞ்சம் பயம். சந்தையில் காய் விற்கிற பெண்களுக்கோ, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கழிப்பறை ஸ்டேஷனில்தான் இருந்தது.

பத்து மணிக்கு மாஸ்டரின் அக்காவே வந்துவிடுவாள். அவள் மகனுக்கு மில்லில் இராத்திரி வேலை. வீடோ ஒரே அறை. அவன் பகலில் தூங்க வேண்டுமென்றால் இவள் வெளியே இருந்தாக வேண்டும். ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட அவன் தூக்கம் போச்சு. அதனால் பத்திலிருந்து நாலு வரைக்கும் பெண்கள் காத்திருப்பு அறையின் ஜன்னலோர பெஞ்சு அக்காவுடையது. அவளைப் போலவே பகலில் வீட்டில் இடமில்லாத இன்னும் மூன்று பெண்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது இந்த நால்வருக்குத் தெரிந்த பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியவரும். ஸ்டேஷன் ஊழியர்கள் அந்த அறைக்குப் பார்லிமென்ட் என்று பேர் வைத்திருந்தார்கள்.

மாஸ்டர் யாரையும் விரட்டியதில்லை, விரட்ட மனசு வராது. மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் மட்டும் அரை மணி முன்னதாகப் போய், "அக்கா, கொஞ்ச நேரம் அப்படிப் போய் நில்லு" என்பார். நால்வரும் மேம்பாலத்தில் ஏறி நின்று, அதிகாரியின் வழுக்கையை மேலிருந்து ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காத்திருப்பு அறையில் ஒரு நாய் தூங்குவதைப் பார்த்துவிட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த நாய்க்காக மாஸ்டர் ஆறு மாதம் கடிதம் எழுதினார். நாய் தன் பாட்டுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டது. இவர்தான் அன்றிலிருந்து தபாலில் பழுப்பு உறை வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் பிரிப்பார்.

அப்படியொரு உறையில்தான் அந்தப் படிவம் வந்தது. பன்னிரண்டு கட்டங்கள். முதல் ஆறு கட்டங்களும் டிக்கெட், வண்டி, சரக்கு என்று வழக்கமான கேள்விகள். மாஸ்டர் மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தார். ஏழாவதில் பேனா நின்றது. 'பயணிகள் அல்லாத பொதுமக்கள் நிலையத்தைப் பயன்படுத்துகிறார்களா? ஆம் எனில், தினசரி எத்தனை பேர், எதற்காக?'

அவர் அந்தக் கேள்வியை நாலு தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் அதற்குள்ளிருந்து ஒரு மெமோ எட்டிப் பார்த்தது.

அடுத்த ஊர் ஸ்டேஷனின் மாஸ்டர் போனில் வந்தார். சட்டையில் ஒரு பொத்தானாவது போடாமல் விட்டிருப்பார், பதிவேட்டில் ஒரு வாரமாவது எழுதாமல் விட்டிருப்பார், அப்படிப்பட்ட மனிதர். நம் மாஸ்டருக்கு அவர்மேல் பெரிய மதிப்பெல்லாம் கிடையாது.

"சார், ஏழாவது கட்டத்துல என்ன போடறீங்க?"

"என்னத்தப் போடறது? டிக்கெட் இல்லாம உள்ள வரக் கூடாதுன்னு ரூல். முன்னூறு பேர் வர்றாங்கன்னு எழுதினா, இத்தனை நாள் நீ என்னய்யா பண்ணிட்டிருந்தேன்னு கேக்க மாட்டாங்களா?"

"நான் எல்லாத்தையும் எழுதிட்டேன் சார். தண்ணி பிடிக்க வர்றவங்க, பரீட்சைக்குப் படிக்க வர்ற பிள்ளைங்க, சண்டை போட்டுட்டு வந்து உக்கார்ற புருஷன்மாருங்க வரைக்கும். ஆடு மட்டும்தான் பாக்கி."

"வம்பை விலை குடுத்து வாங்கறீங்க."

"வந்தா பாத்துக்கலாம் சார்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. கறுப்புப் புள்ளி ஒன்றும் விழாமல் வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. பக்கத்து அறையில் அக்கா எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஏழாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். கை நடுங்கியிருந்தாலாவது பிற்பாடு அதைச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். நடுங்கவில்லை.

நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பயணிகள் குறைவாகவும், பொதுமக்களுக்கு வேறு பயன் இல்லாமலும் இருக்கிற நிலையங்கள் மூடப்படும். பட்டியலில் இவருடைய ஸ்டேஷன் இருந்தது. இதைவிடக் குறைவாக டிக்கெட் விற்றும், அடுத்த ஸ்டேஷனின் பேர் அதில் இல்லை. மாஸ்டர் படிவத்தின் நகலைத் தேடியெடுத்து ஏழாவது கட்டத்தை மறுபடி படித்தார். அந்தக் கேள்வி கழுத்தைப் பிடிக்க வந்த கேள்வி இல்லை, காப்பாற்ற வந்த கேள்வி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஊர் கொதித்தது. மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்கக் கிளம்பியது வேறு யாருமில்லை, பார்லிமென்ட்தான். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். அறுநூறு கையெழுத்து சேர்ந்ததும் தம்பியின் மேஜைக்கே வந்து காகிதத்தை நீட்டினாள்.

"நீயும் ஒண்ணு போடுடா."

"நான் இங்க வேலை பாக்கறவன். போடக் கூடாது அக்கா."

"சரி, பேனாவையாவது குடு. என்னோடது தீர்ந்துபோச்சு."

கொடுத்தார். தான் 'இல்லை' என்று எழுதியதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்காவும் கணக்கு வாத்தியாரும் மனுவை எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகம் போனார்கள். மாலை வண்டியில் திரும்பினார்கள். வாத்தியார் இவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார். அக்கா மட்டும் அறைக்குள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஃபைலை எடுத்துக் காட்டினாங்க. 'இங்க வர்றவங்க யாருமே இல்லைன்னு உங்க மாஸ்டரே எழுதியிருக்காரு, இப்ப வந்து அறுநூறு பேருங்கறீங்களே'ன்னு கேட்டாங்க. வாத்தியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்."

"ரூல்படி பாத்தா அக்கா..."

"ரூல்படி நான் கேக்கலடா. நான் வர்றது உனக்குத் தெரியாதா? காலையில வந்ததும் உன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, சாப்பிட்டியான்னு தினம் கேப்பேனே."

மாஸ்டர் மேஜைமேல் இருந்த முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"பயந்துட்டே" என்றாள் அக்கா. "சின்ன வயசுலயும் அப்படித்தான் நீ. யாராவது அதட்டினா, நான் இல்ல நான் இல்லன்னு கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குவே. அதுல தப்பில்ல. ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாலு பேரும் தினம் ஒரு டிக்கெட் வாங்கிக்கிட்டே உக்காந்திருப்போம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் எழுந்து போகும்போது நாற்காலியை வழக்கம்போல இழுத்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் போனதுதான் தாங்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். காலை ஆறு மணியிலிருந்து வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உள்ளே வந்த ஒவ்வொருவரையும் எழுதினார். முன்னூற்றுப் பதினெட்டுப் பேர். யார், எதற்காக, எவ்வளவு நேரம் என்று ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். வாழ்க்கையில் அவர் எழுதிய நல்ல கடிதம் அது ஒன்றுதான். பதில் இரண்டாக வந்தது. முடிவு எடுத்தாயிற்று, மாற்ற இயலாது என்று ஒன்று. முதலில் தவறான தகவல் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு இன்னொன்று. எந்த மெமோவுக்குப் பயந்து எழுதினாரோ, அது எப்படியும் வந்து சேர்ந்துவிட்டது.

ஸ்டேஷனைப் பூட்டினார்கள். மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் தகரம் அடித்தார்கள். மிச்சமிருந்த மாதங்களுக்கு மாஸ்டரை அடுத்த ஸ்டேஷனுக்கே மாற்றினார்கள். பொத்தான் போடாத அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தன் மேஜையில் பாதியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "வாங்க சார், டீ சொல்றேன்" என்றார். சாயங்காலம் அங்கே படிக்க வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்குத் தன் ஊர் நினைவு வந்து, ஏதாவது பதிவேட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிடுவார்.

அக்கா கொஞ்ச நாள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். அங்கே நிழல் கிடையாது. கடைப் படியில் உட்கார்ந்தாள், கடைக்காரன் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் எழுப்பினான். மற்ற மூவரும் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினார்கள். மாஸ்டர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நாலு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை.

"உன் வீட்டுல நான் விருந்தாளி. உன் பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு எந்திரிச்சு கவனிக்கறா, பாவம். ஸ்டேஷன்ல நான் யாருக்கும் பாரமில்லடா."

மழைக்காலத்தில் கால் வீங்கிப் படுத்துக்கொண்டாள். படுக்க இருந்ததும் அதே ஒரே அறைதான். ஒரு வாரம் தூங்காத மகன் மில்லில் இயந்திரத்தில் விரலைக் கொடுத்துக்கொள்ளாமல் மயிரிழையில் தப்பினான். கடைசியில், தூரத்து ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்கு அவளை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. மகள் குடும்பத்தைத் தவிர அங்கே ஒரு முகம்கூட அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஸ்டேஷனிலிருந்துதான் வண்டி ஏற வேண்டும். கொண்டுபோய் விடுவதற்கு மாஸ்டரும் கூட ஏறினார். வண்டி பழைய ஊர் வழியாகத்தான் போகும், நிற்காது. ஊர் நெருங்கியதும் அக்கா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டிய கட்டடம் வந்தது. வேலிக்கு வெளியே அந்த மூன்று பெண்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா எந்தப் பெட்டியில் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் இன்ஜினிலிருந்து தொடங்கி, வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பெட்டி கடந்தபோது மூவரும் முன்னால் போன பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்கள் பேரைச் சொல்லிக் கத்தினாள். வண்டிச் சத்தத்தில் அது அவள் தம்பிக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் உட்கார்ந்து, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாத்திருப்பாங்களாடா?"

"பாத்தாங்க அக்கா. நல்லாப் பாத்தாங்க" என்றார் மாஸ்டர்.

அக்காவைப் பற்றி அவர் சொன்ன இரண்டாவது பொய் அது.