செலண்டாரில் குடியேறிய துப்பறிவாளர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கேட்டு முடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து போகிற மாதிரி ஒரு கதை சொல்கிறேன்.

செலண்டார் தாமான் குடியிருப்பில், மலர்க்கொடி வீட்டுப் பின்னறையில் துப்பறிவாளர் கார்மேகம் குடியிருக்கிறார். அவருக்கு உடம்பு கிடையாது. வானொலி நாடகத்தில் பிறந்தவர்; முகம் எப்படி என்று எழுதியவரே சொல்லவில்லை. குரல், பூட்ஸ் ஓசை, தீக்குச்சி உரசும் சத்தம், போகுமிடமெல்லாம் கூடவே வரும் மழை இரைச்சல், ஆள் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே வானொலியைப் பலகைச் சுவர் வழியே எல்லா வீடும் கேட்டது. நாடகத்தைப் பாதியில் நிறுத்தியபோது போக்கிடமில்லாமல் பெட்டியைவிட்டு இறங்கியவர், மலர்க்கொடியின் அப்பா வீட்டிலேயே தங்கினார். தோட்டம் செம்பனையாகி, லயம் இடிந்து, சனங்கள் தாமானுக்கு வந்த நாளில் லோரியில் அவரும் ஏறிக்கொண்டார். மழை என்று நினைத்துத் துணி எடுக்க ஓடி ஏமாந்த பெண்கள், போகப்போக ஓடுவதை விட்டார்கள்.

இந்த ஆண்டு திருவிழாவுக்கு முன் முருகன் கோயிலின் வெள்ளி வேல் காணாமல் போனது. மெருகேற்றிப் பீரோவில் வைத்துவிட்டதாகக் கோயில் தலைவர் பரமேஸ்வரன் சொன்னார். பீரோ சாவி குகனிடம் இருந்தது. இளவயதில் அடிதடியில் சிறைக்குப் போய்த் திருந்தி, கோயிலே கதியென்று கிடந்தவன். இந்த ஆண்டு வேல் ஏந்தவேண்டியவனும் அவனே. கூட்டம் கூடி அவனை விலக்க இருந்தார்கள். அவன் அம்மா பெத்தம்மாள் சோற்றைத் தொடவில்லை. நேரே பின்னறைக் கதவைத் தட்டினாள்.

“அண்ணே, சாமி சத்தியமா எம்புள்ள எடுக்கலண்ணே.”

உள்ளே தீக்குச்சி உரசியது. “அழாத தங்கச்சி. இந்த ஊர்ல எல்லாருமே நல்லவங்க. அதனாலதான் எனக்கு எப்பவும் பொழப்பு ஓடுது.”

கூட்டத்துக்கு நடுவே பூட்ஸ் ஓசை கோயிலுக்குள் வந்தது. “மழை உள்ளயே பெய்யுதுலா, கொடை கொண்டாங்க!” என்று யாரோ கிண்டலடித்தார். தூண், உண்டியல், பீரோ என்று ஒவ்வொன்றையும் தட்டும் சத்தம் மடப்பள்ளிவரை போய், அரிசித் தகரத்தில் ‘டங்’ என்று நின்றது.

“அரிசி இப்படிப் பேசாது, தலைவரே.”

குகன் கையை விட்டு எடுத்தான். வேல்.

மழை இரைச்சல் முதன்முறையாக அடங்கிப்போனது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பரமேஸ்வரன் உடைந்தார். “காப்பு கட்டுனவன் சாவு வீட்டுக்குப் போகக்கூடாதுதான். லூபோக் சீனாங்கற ஊர்ல எங்கண்ணன் செத்துட்டாரு, முகத்தைப் பாக்காம இருக்க முடியல. மெருகேத்தின வேலை அந்தக் கையோட சாமி பீரோவுல வைக்கப் பயந்து அரிசில பொதச்சேன். வெளிய சொன்னா மானம் போயிருமேன்னு…”

பெத்தம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். “அண்ணனப் பாக்கப் போனது தப்பில்ல தம்பி. எம்புள்ளயத் திருடன்னாங்களே, அப்ப வாயத் தொறக்காம நின்னீங்க பாருங்க, அதான் தப்பு.”

பரமேஸ்வரன் எல்லார் முன்னிலையிலும் குகனிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, காப்பை அவிழ்த்து ஒதுங்கினார். வேலுக்குத் தீட்டுக் கழிக்கும் புண்ணியதானம் நடந்தது. குகன் அதை ஏந்தி வீதியில் இறங்கியபோது பெத்தம்மாள் தலை நிமிர்ந்து பக்கத்தில் நடந்தாள்; முன்னால் பூட்ஸ் ஓசை. அன்னதானத்தில் குகனுக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்திலும் இலை போட்டார்கள். சாம்பார் சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. “அண்ணனுக்கு ரசம் ஊத்து” என்றாள் பெத்தம்மாள், ஊற்றினார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள்மேல் வீண்பழி விழாதிருக்கட்டும், கண்ணுகளா. விழுந்தாலும், அவர்களை நம்பி எழுந்து போகிற தாய்மார் வாசலுக்கு வாசல் இருக்கட்டும்.