கிழிந்த மூலைப் பெட்டி

இன்பாஸ் நீட்டிய தாளில் எல்லாம் தயாராக அச்சாகியிருந்தது: 'இஸ்லாமியப் பொருளாதாரச் சட்டப்படி பரிசோதிக்கப்பட்ட இணையக் கடை.' கீழே ஒரு கோடு மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. அது சிபானாவின் கையெழுத்துக்கு.

கல்முனையில் பெண்கள் மதரசாவொன்றில் வணிகச் சட்டம் படிப்பிக்கிறவள் அவள். அவள் பெயரைக் கண்டால் நூறு பெண்களாவது யோசிக்காமல் ஓடர் போடுவார்கள். கணவனின் தம்பியான இன்பாசுக்கு அது நன்றாகத் தெரியும். அவனுக்குக் கடையில்லை, களஞ்சியமில்லை, விற்பதற்குச் சொந்தமாய் ஒரு கரண்டிகூட இல்லை. முகநூலில் ஓடர் எடுப்பான். கொழும்பு மொத்த வியாபாரி சாமானை நேரே ஆட்களுக்கு அனுப்புவான்.

"கைக்கு வராத சாமான ஒங்கட சாமானெண்டு விக்கேலா. கொமிஷன் முகவர் எண்டு போடுங்க, கையெழுத்து வைக்கிறன்."

"முகவரெண்டா ஆரு மதினி மதிக்கிற? முதலாளியெண்டு போடோணும். சாமான் கைக்கு வாறதுக்கும் வழி கண்டுபிடிச்சிட்டன்."

தொலைபேசியைத் திறந்தான். வீடியோ அழைப்பில் கொழும்புக்காரன் ஒரு பிளெண்டர் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். இன்பாஸ் பிஸ்மில்லாஹ் சொல்லித் திரையில் பெருவிரலை அழுத்தி, "எடுத்துக்கிட்டன்" என்றான். அதன் பிறகே விற்பனையாம். ஒவ்வொரு ஓடருக்கும் இப்படி ஒரு வீடியோ.

தானியத்தை அளப்பதா, வீட்டுச் சாவியைக் கொடுப்பதா, விற்குமுன் வேண்டிய கைப்பற்றல் எது என்று நூற்றாண்டுகளாய்த் தலையை உடைத்தார்கள் மார்க்க அறிஞர்கள். தொலைபேசிக் கண்ணாடியைத் தடவும் யோசனை ஒருவருக்கும் வரவில்லை, பாவம்.

சிபானா இரண்டாவது வீடியோவைப் பார்த்தாள். கிருபாமலர் டீச்சரின் ஓடருக்கு எடுத்த மூன்றாவதையும் பார்த்தாள்.

"மூணுலயும் பெட்டிட மூலை கிழிஞ்சிரிக்கே?"

"அது சாம்பிள் மதினி. ஒவ்வொருக்காவும் புதுசு இறக்க அவனுக்கு நேரமிரிக்கா?"

"அப்ப கிருபாமலர் டீச்சருக்கு வித்தது எத?"

"ஸ்டொக் வந்தா அவக்கும் போகும்."

"ஓ. வராத சாமான விரலால எடுத்திரிக்கீங்க."

"சும்மா ஒரு கையெழுத்துத்தானே கேக்கன்."

சிபானா பேனையை எடுத்தாள். அவன் முகம் மலர்ந்தது. வெறும் கோட்டை விட்டுவிட்டு, தலைப்பின் குறுக்கே பெரிதாக எழுதினாள்: 'இவரிடம் இருப்பது ஒரு பெட்டியின் படம். பெட்டி வேறொருவருடையது.' அந்த எழுத்துகளின் மேலேயே கையெழுத்தையும் இட்டாள்.

கையெழுத்தை மட்டும் வெட்டியெடுக்க வழியுண்டா என்று இன்பாஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.