வெறும் கூடு

டீ கொட்டியது காலை பத்து மணிக்கு. லேப்டாப் இருண்டது அடுத்த நொடியில்.

"தொடாதீங்க!"

சமையலறையிலிருந்து பாய்ந்து வந்த மனைவி, பவர் பட்டனை அழுத்தப் போன அவன் கையில் ஓர் அடி போட்டாள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். லேப்டாப்பைக் கூடாரம்போல் கவிழ்த்து, ஒரு துண்டின் மேல் நிறுத்தினாள். விசைகளின் இடுக்கிலிருந்து இனிப்பான டீ சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"டீயை வைக்க உலகத்துல வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?"

அந்த லேப்டாப்புக்குள் அவன் தங்கையின் கல்யாணம் இருந்தது. மொத்தக் கல்யாணமும்.

"போட்டோகிராபருக்கு எதுக்குத் தண்டச் செலவு? நான் எடுக்கறேன்" என்று மார் தட்டியவன் அவன்தான். படங்களை லேப்டாப்பில் ஏற்றிய கையோடு, தான் வேலை பார்க்கும் பெயிண்ட் கம்பெனியின் விழாவுக்காகக் கேமரா கார்டைத் துடைத்து அழித்தவனும் அவனேதான். வேறு பிரதி கிடையாது. இன்று மாலை ஆறு மணிக்குத் தங்கை தன் மாமியாரோடு படம் பார்க்க வருகிறாள்.

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அத்தை இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. 'ரெண்டு வாரமா ஒரு போட்டோவைக்கூடக் கண்ணுல காட்டலையே, கல்யாணம் நடந்துச்சா இல்லையா'ன்னு கேக்கறாங்க. எல்லாம் ரெடிதானே?"

"ரெடி, ரெடி" என்றான்.

சர்வீஸ் சென்டரில் இருந்த இளைஞன் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டான்.

"போர்டு போச்சு சார். புதுசு வாங்கறதே மேல். உள்ள இருக்கற படமா? அனுப்பிப் பார்க்கணும். பத்து நாள் ஆகும். உத்தரவாதம் கிடையாது."

மனைவி கவுண்டரில் கையூன்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"போர்டு போச்சு, சரி. வேற எது போச்சு?"

"அதெல்லாம் பார்க்கலை மேடம்."

"நாங்க பார்த்துக்கறோம்."

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோர்ஸ் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே எந்த வண்டியும் முழுசாகச் சாவதில்லை. லாரியில் மோதி முகம் நசுங்கிய பஸ்ஸின் கியர்பாக்ஸ், அடுத்த வாரமே இன்னொரு பஸ்ஸுக்குள் உட்கார்ந்து மேடேறிக்கொண்டிருக்கும். ஒரு வண்டி படுத்துவிட்டது என்று யார் ஓடி வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, எது பிழைத்தது என்பதுதான்.

சர்வீஸ் சென்டர் வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள். மற்றவர்கள் சீப்பு வைத்திருக்கும் இடத்தில் அவளிடம் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. பின்மூடி கழன்றது. முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைப் பிரித்தாள். பிறகு போன் வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினாள்.

"இங்க பாருங்க. டீ இந்தப் பக்கமாத்தான் இறங்கியிருக்கு. இந்த மூலைக்கு வரவே இல்லை. இது மெமரி. இது டிஸ்க். ரெண்டும் காஞ்சு கிடக்கு."

"அப்ப படம்?"

"டிஸ்க்லதான் இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு இப்ப குடியிருக்க ஒரு வீடு வேணும். அவ்வளவுதான்."

இரண்டு பாகங்களின் மேலும் ஒட்டியிருந்த லேபிள்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே அவன் ஓடினான்.

கம்ப்யூட்டர் கடையில் கூட்டமில்லை. "வீட்டு உபயோகத்துக்கு மினி பிசி வேணும்" என்று அவள் சொன்னதும், கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான். சுவிட்சைப் போட்டதும் அதன் இடுப்பைச் சுற்றி சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின.

"அடடா!" அவன் மயங்கிப்போனான்.

"டிஸ்கோவா நடத்தப் போறோம்?" என்றாள் அவள். "கரண்ட் பில் கட்டணும். என்னோட டிப்போ டிரெய்னிங்கை வீடியோவுல பார்க்கணும். உங்க ரிப்போர்ட் அடிக்கணும். ராத்திரி ஒரு படம் பார்க்கணும். இதுக்கு எதுக்கு இந்த ஆட்டம்?"

அடுத்து வந்தது வெள்ளைப் பெட்டி. விலை சல்லிசு. எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்றார் கடைக்காரர். அவள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"மெமரியைக் கழட்ட முடியுமா?"

"போர்டோட பத்தவெச்சது மேடம்."

"அப்ப ஒண்ணு கெட்டா மொத்தமும் குப்பைக்குப் போகணும். வேண்டாம். அதோ, கீழ்த்தட்டுல இருக்கே, அது?"

கடைக்காரர் தயங்கினார். "அது வெறும் கூடு மேடம். பிராசசர் இருக்கு, போர்டு இருக்கு, அடாப்டர் இருக்கு. மெமரி கிடையாது, டிஸ்க் கிடையாது. வீட்டுக்குப் போய் ஆன் பண்ணா ஒண்ணும் வராது. அப்புறம் வந்து என்னைத் திட்டுவீங்க. அதனாலதான் யாருக்கும் காட்டறதில்லை."

"எனக்குக் காட்டுங்க."

நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். அவள் போனிலிருந்த லேபிளையும் போர்டில் பொறித்திருந்த எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மெமரி என்ன தலைமுறை? அதேதான். டிஸ்க்கின் நீளம்? பொருந்தும். டிவியில் நேராகச் சொருகலாமா? சொருகலாம். ஃபேன் சத்தம்? காதருகே வைத்துக் கேட்கப் போனவள், தன் தப்பைத் தானே உணர்ந்து சிரித்துவிட்டாள். உயிரில்லாத பெட்டி எப்படிச் சத்தம் போடும்!

கடைக்காரரும் சிரித்தார். "சத்தம் கம்மிதான் மேடம், நம்புங்க. ஒரு விஷயம் மட்டும். புது மெமரியைப் பார்த்ததும் முதல் தடவை இது கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கும். பயந்துடாதீங்க." பில் போடும்போது அவளை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?"

"ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

"அன்னிக்குத்தானே மேடம் கூட்டமே வரும்."

"அப்ப டிப்போவே தேவலை."

விளக்கு ஓடிய பெட்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அப்படியும் ஆட்டோவில் அவன் முனகிக்கொண்டே வந்தான்.

"உலகத்துல எல்லாரும் கம்ப்யூட்டர் வாங்குவாங்க. நாம டப்பா வாங்கியிருக்கோம்."

"டப்பாவைக் கீழ போடாம பிடிங்க. இதுமேலயும் டீயைக் கொட்டிடாதீங்க."

வீடு. மணி ஐந்து.

ஹாலில் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பின் வயிற்றிலிருந்து மெமரியை எடுத்தாள். கூட்டில் சாய்த்து வைத்து அழுத்தினாள். டிக். டிஸ்க்கை எடுத்தாள். சொருகி, ஒற்றைத் திருகாணியால் படுக்க வைத்தாள். மூடி. கேபிள். மவுஸ். சுவிட்ச்.

பெட்டியின் முகத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி எரிந்தது.

டிவி கறுப்பாகவே இருந்தது.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கறுப்பு. நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கறுப்பு. மாமியாரோடு தங்கை படியேறி வரும் காட்சி கண்ணுக்குள் ஓடியது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று பிளக்கை நோக்கிக் கை நீட்டினான்.

இரண்டாவது அடி விழுந்தது.

"கடைக்காரர் என்ன சொன்னாரு? புது வீட்டுக்கு வந்த ஆளு ரூம் ரூமா சுத்திப் பார்க்க வேண்டாமா? சும்மா இருங்க."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, டிப்போவில் டீசல் என்ஜின் சூடாகக் காத்திருப்பவள்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. படமே வராமல் போனாலும் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே தங்கைக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று அவனுக்கு அப்போது தோன்றியது.

டிவி பளிச்சென்று வெளுத்தது.

'சாதனங்கள் தயாராகின்றன' என்றது திரை. ஒரு முறை அணைந்தது. மறுபடி எழுந்தது. அவன் பழைய லேப்டாப்பின் அதே கடல் படம், இப்போது சுவரகலத்துக்கு. மூலையில் ஒரு ஃபோல்டர்: 'தங்கச்சி கல்யாணம்'.

"வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சு!" அவன் கண்கள் கலங்கின. மவுஸைப் பிடிக்கப் போனான்.

"முதல்ல காப்பி. அப்புறம் கண்ணீர்."

பென் டிரைவைச் சொருகி, மொத்த ஃபோல்டரையும் பிரதி எடுத்த பிறகுதான் மவுஸை அவன் கையில் கொடுத்தாள். ஃபேன் சத்தம் காதை வைத்துத் தேட வேண்டிய அளவுக்கு இருந்தது. படங்கள் தடங்கலில்லாமல் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

மணமக்கள் மண்டப வாசலில். அடுத்தது: வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு கல்யாணப் பெண்ணின் உடையைச் சரிசெய்யும் அவள். மணமக்கள் மேடையில். அடுத்தது: எலக்ட்ரீஷியனிடம் சண்டை போடும் அவள். அதே சண்டை, இன்னொரு கோணத்தில். இரண்டு கைகளிலும் நாற்காலிகளோடு அவள். யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு பரிமாறுகிறவர்களை அதட்டும் அவள். தூண் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் அவள்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க."

"ம்."

"கல்யாணப் பொண்ணு எங்க?"

அவன் காது மடல்கள் சிவந்தன. "இருக்கா, இருக்கா. நடுநடுவுல இருக்கா."

"இது உங்க தங்கச்சி கல்யாணமா, என் கல்யாணமா? உங்க தங்கச்சி மாமியார் என்ன நினைப்பாங்க?"

"உண்மையைத்தான் நினைப்பாங்க" என்றான்.

அவள் மவுஸை அவன் கையிலிருந்து வாங்கி, தூண் ஓரப் படத்துக்குத் திரும்பப் போய், அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் காலிங் பெல் அடித்தது.