ஊசிப்பாறை ஸ்டேஷன் மூடிய காரணம்

1
இந்தக் கதை ஒரு மனுவில் பிறந்தது. பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊசிப்பாறை ஸ்டேஷனைத் திறக்கச் சொல்லி ஊரார் மனு போடுகிறார்கள்.

"அங்கன டிக்கெட் குடுத்த ஆளு நீங்கதான அண்ணாச்சி? சரித்திரத்த எழுதித் தாங்க" என்று பஞ்சம்மாள் தாளை நீட்டினாள். அவளுக்குத் தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலை. ரயில் இங்கே நிற்காமல் போனபின் வேனில் நின்றே போய்வந்து முழங்கால் போய்விட்டது.

2
முதல் தொடக்கம்: தினமும் பத்தாயிரம் பேர் ஏறி இறங்கிய எங்கள்—

(பதினாலு பேர். ஆட்டையும் சேர்த்தால் பதினைந்து.)

இரண்டாம் தொடக்கம்: எங்கள் பிளாட்பாரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கன்னியாகுமரிக் கடல்—

(வேண்டாம். அலுப்பாக இருக்கிறது. புளுகவும் உடம்பில் தெம்பு வேண்டும்.)

3
மனுவில் ஒரு கட்டம்: 'மூடிய காரணம்'. ஊருக்குள் இதுவரை ஏழு காரணம் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடித்தது, என் கையெழுத்தழகைப் பார்த்துப் பொறாமையில் வெந்த மேலதிகாரி.

எட்டாவது இது. ஸ்டேஷன் தேவைதானா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவர் ரயிலேறியதும் பக்கத்து சீட்டில் ஒரு கிஃப்ட் பாக்ஸை வைத்தேன். உள்ளே ஐம்பது அயிட்டம் பட்டாசு.

ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்று ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ் இருந்தது. ஒட்டியவன் நான்தான்.

அதிகாரி அதையே ரிப்போர்ட்டில் எழுதினார். மறுமாதம் பூட்டு வந்தது.

4
பஞ்சம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இதும் உங்க புளுகுதான?"

"இது மட்டும் இல்ல தாயி."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தேய்த்தாள். "ஊரு உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிரும்."

"ஆக்கட்டும்."

"சரி, பெட்டி ஏது? வானத்துல இருந்தா விழுந்துச்சு? கம்பெனியில கேட்டு வாங்கி, ரிப்பன் கட்டி உங்க கையில குடுத்தது நாந்தேன? பத்தாயிரம் பேர ஏத்தத் தெரியுது, என்னைய ஏத்தத் தெரியலையாக்கும்!"

5
அவள் நிஜமாகவே இப்படிச் சொன்னாளா, பழியில் பாதியைத் தூக்க ஓர் ஆள் வேண்டுமென்று நான் [இந்த வாக்கியத்தை முடிக்கத் தெம்பில்லை]

கட்டம் இன்னும் காலி. ஒரு பெயரா, இரண்டு பெயரா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. பஞ்சம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். உள்ளே உட்கார இடமில்லை.