மூத்த அணி

சேற்றில் புதைந்த பந்தை எட்வின் இடது காலால் தோண்டியெடுத்து அடிக்கிறான், கைப்பேசித் திரை முழுக்கப் பனிமழை, வலை அசைந்ததா என்று தெரியுமுன் படம் நின்றுவிடுகிறது, மறுபடி ஓடுகிறது, கடைக்குட்டி மகனை வெள்ளைக்காரப் பொடியன்கள் கட்டிப்பிடிப்பதைக் கண்ட பிறகுதான் மரியநாயகம் மூச்சு விடுகிறார், லித்துவேனியா என்றொரு நாடு இருப்பது யாழ்ப்பாணத்துக் குருநகரில் அவர் சொல்லித்தான் தெரியும், பங்குனியில் தொடங்கின ஆட்டங்கள் கார்த்திகையில் முடிகின்றன, எட்வின் ஆடுவது அங்குள்ள ஒரு கழகத்தின் இளைய அணியில், இரண்டாம் பிரிவில் முதலிடம், வருகிற வருஷம் மேல் பிரிவு என்று, விதியை விசாரியாமலே, கோயில் வாசலில் அவர் சொல்லியாகிவிட்டது, என்ன சம்மாட்டியார், மகன் எப்ப உலகக் கிண்ணம் தூக்கிறார் என்று அவருடைய படகுகளில் தொழிலுக்குப் போகிறவர்கள் கடற்கரையில் கேலி, அந்தக் கேலிக்குள் மரியாதை இருந்தது, மூத்தவள் ஜசிந்தா வேற்று மதத்தானோடு போன நாளிலிருந்து அவருக்குக் கிடைக்காத மரியாதை, அது எந்த வருஷத்து ஆவணியோ, இளையவள் மெற்றில்டாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் இருக்கிறார்கள், இருந்தார்கள், பெரியவள் செய்ததுக்கு இந்தப் பிள்ளை என்ன செய்யும், எங்களுக்கு ஒண்டுமில்லை என்று மாப்பிள்ளையின் தாயே சொன்னாள், அவர்தான் எழுந்து நின்று, மூத்தது தலைகுனிய வைச்ச வீட்டிலை இளையதுக்குக் கலியாணம் பேச எனக்கு முகமில்லை, போட்டு வாங்கோ என்றார், அவர்கள் தேநீரைத் தொடாமல் போனார்கள், அவருடைய நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது, இப்போது கைப்பேசி அடிக்கிறது, அப்பா, வெண்டிட்டம், ஆனா மேலை போகேலாது, ஏன்ரா, எங்கட மூத்த அணி மேல் பிரிவிலை கடைசியா வந்து விழுந்திட்டுது, அவை எங்கட பிரிவுக்கு வருகினம், ஒரு கழகத்தின்ரை இளைய அணி எப்பவும் மூத்த அணிக்குக் கீழ்ப் பிரிவிலைதான் ஆடலாமாம், அதாலை நாங்கள் மூண்டாம் பிரிவுக்கு இறங்கவேணும், முதலா வந்தவங்கள் இறங்கிறதோ, ஓமப்பா, அதுதான் சட்டம்.

எந்த மடையன்ரை சட்டமடா அது என்று அவர் போட்ட சத்தம் அடுப்படி வரை போகிறது, மூத்தவங்கள் விழுந்தா இளையவங்கள் ஏன் குழிக்குள்ளை போகவேணும், நீங்கள் என்னடா பிழை விட்டனீங்கள், மீன் வெட்டிக்கொண்டிருந்த மெற்றில்டா கதவடிக்கு வந்து நிற்கிறாள், நாற்பதை எட்டுகிறவள், முழங்கைவரை செதில், திருப்பிச் சொல்லுங்கோ அப்பா, என்கிறாள், கோபமேயில்லாத குரல், கடைசியாச் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ, அப்பா, அப்பா, கேக்குதோ என்று எட்வின் தூரத்திலிருந்து கூப்பிடுகிறான், அது வேறை, இது வேறை என்று சொல்ல மரியநாயகம் முதுகை நிமிர்த்துகிறார், அவள் போகாமல் நிற்கிறாள்.